ஆனைமுடிக்கு மேலே ஒரு பேருந்து நிலையம்

பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து மலையூரான ஹுவாராஸுக்குப் பேருந்தில் எட்டு மணி நேரம். கடலோரப் பாலைவனத்தை விட்டு மேலே ஏறும் வண்டி, கோனோகோச்சா பக்கம் 4,000 மீட்டரைத் தொட்டுவிட்டு மறுபடியும் இறங்கி ஊருக்குள் நுழைகிறது. இறங்கி என்றால் ஏறக்குறைய 3,050 மீட்டர். தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். நம் ஊரில் எத்தனை மலை ஏறியிருந்தாலும் சரி, இங்கே பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தை விட்டு இறங்கும்போதே அவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறோம். விடுதியின் மாடிப்படிக்கே மூச்சு வாங்கியது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்து பழகியவர்களுக்கு ஈரம்தான் எதிரி. மழைக்குப் பிறகு மேகமலைக்கோ வால்பாறைக்கோ போனால் பைக்குள் எல்லாமே பிளாஸ்டிக் உறையில் இருக்க வேண்டும். காலில் அட்டை ஏறாமல் முழங்கால் வரை துணியுறை, கையில் உப்போ மூக்குப்பொடியோ. இறகு அடைத்த ஜாக்கெட், படுக்கைப் பை எல்லாம் அங்கே வீண் சுமை. நனைந்தால் சூடும் தராது, லேசில் காயவும் காயாது.

பெருவின் கோர்டியேரா பிளாங்கா மலைத்தொடரில் இதெல்லாம் அப்படியே மாறிவிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். அட்டை கிடையாது. பகலில் வெயில் உதட்டை வெடிக்க வைக்கும், பொழுது சாய்ந்ததும் புட்டியில் இருக்கும் தண்ணீர் உறைய ஆரம்பிக்கும். அங்கே இறகுப் பைதான் ராஜா. படுக்கும்போது கைபேசி, பேட்டரி, தண்ணீர் வடிகட்டி மூன்றையும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே குழாய்கள் விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கிருமியை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். கால்மாட்டில் ஒரு புட்டி வெந்நீரும் வைத்துக்கொண்டால் இரவு ஓடிவிடும்.

நான் நடந்தது சான்டா குரூஸ் பாதை. சுமார் 50 கிலோமீட்டர், வழக்கமாக நான்கு நாள். போகும் வழியில் யுங்காய் வருகிறது. 1970 மே 31, ஞாயிற்றுக்கிழமை, பெரிய நிலநடுக்கத்தில் ஹுவாஸ்கரான் மலையின் வடக்குச் சிகரத்திலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து வந்து பழைய யுங்காயை மூடிவிட்டது. கல்லறை மேட்டுக்கு ஓடி ஏறியவர்களில் சிலர் பிழைத்தார்கள். ஊர் இருந்த இடத்தைத் தோண்டாமல் நினைவிடமாகவே விட்டிருக்கிறார்கள். ரோஜாச் செடிகளுக்கு நடுவே நடக்கும்போது காலுக்குக் கீழே தெருக்கள் இருக்கின்றன என்பது மனதை விட்டுப் போகவே இல்லை. மேலே நிமிர்ந்தால் 6,768 மீட்டரில் அதே மலை, பளிச்சென்று.

வக்கேரியாவில் தொடங்கும் பாதையில் முதலில் சின்னச் சின்ன வயல்கள், அப்புறம் கெனுவால் மரங்கள். வெங்காயத் தோல் மாதிரி செம்பழுப்புப் பட்டை உரிந்து உரிந்து தொங்கும். 4,000 மீட்டருக்கு மேலேயும் மரமாக நிற்கிற சில இனங்களில் இதுவும் ஒன்று. அதையும் தாண்டினால் புல்லும் கல்லும்தான். பாதையின் உச்சி புன்டா ஊனியோன் கணவாய், 4,750 மீட்டர். பாறைச் சுவரில் வெட்டி வைத்ததுபோல ஓர் இடைவெளி. அதில் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் வலப்புறம் தௌயிராஹு சிகரம், கீழே பச்சை கலந்த நீலத்தில் ஓர் ஏரி. பனியாறு அரைத்த பாறைமாவு தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. பத்து அடி, ஒரு நிறுத்தம், மறுபடி பத்து அடி என்று ஏறியதற்குக் கூலி கிடைத்துவிட்டது.

கோவேறு கழுதைகளை ஓட்டி வந்தவர் கார் டயரில் செய்த செருப்போடு என்னைத் தாண்டிப் போனார், விசிலடித்துக்கொண்டே. வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியை ஊன்றி வெறுங்காலோடு ஏழாவது மலைக்கு ஏறும் பாட்டிகளைப் பார்த்தவன் நான், அதனால் பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனாலும் என் பூட்ஸின் விலை ஒரு நொடி ஞாபகத்துக்கு வந்தது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் முகாம் போட்டது 4,250 மீட்டரில். அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று துவரம்பருப்பைப் போட்டால் எரிவாயு தீரும், பருப்பு வேகாது. அவலும் வறுத்த ரவையும்தான் கைகொடுத்தன, கூடவே சந்தையில் வாங்கிய கினோவா தானியம். பருப்புப்பொடியைக் கினோவாவில் போட்டுச் சாப்பிட்டதைச் சமையல்காரப் பையன் சந்தேகமாகப் பார்த்தான். அப்புறம் அவனும் ஒரு கரண்டி கேட்டான்.

இறங்கும் பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் பச்சையே இல்லாமல் மணல்வெளி. 2012 இல் பக்கவாட்டு ஓடையின் மேலே இருந்த ஏரிக்குள் மலைச்சரிவு விழுந்து, கிளம்பிய வெள்ளம் கொண்டுவந்து கொட்டியது. பனியாறு பின்வாங்கும் மலைகளில் புது ஏரிகள் இப்படித்தான் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. அதன் பிறகு பாதை முடியும் கஷபம்பா வரை நீண்ட இறக்கம், முழங்கால் வலி. சொல்ல வேறொன்றும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஹுவாராஸில் சில இரவுகள் தங்கி, பகலில் மேலே போய் இரவில் கீழே தூங்குங்கள். கோக்கா இலை டீ இதமாக இருக்கிறது, ஆனால் உடல் பழகுவதற்கு அது மாற்று ஆகாது. உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று நம் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள், சாப்பிட்டால் விரல் நுனி மரமரக்கும். கூடாரம், படுக்கைப் பை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பார்த்து வாங்குங்கள். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அதையும் அங்கேதான் வாங்க வேண்டும். திருகிப் பொருத்தும் வகை கடைகளில் கிடைக்கிறது, அதற்குப் பொருந்துகிற அடுப்பாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.