தள்ளிக்கொண்டு போகிற ரோல் ஸ்டாண்ட்

"அண்ணா, இனிமே நான் ஒருத்தனே தள்ளிடுவேன்" என்று ரோலோடு போய்விட்டான் கடைப் பையன்.

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் பிரிண்டிங் கடை சின்னது. பேனர், ஸ்டிக்கர் அடிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டான வினைல், 50 மீட்டர் ரோல்களாக வரும். அதெல்லாம் சுவரில்தான் சாய்ந்து நிற்கும்.

அப்படி நின்றால் கீழ்விளிம்பு நசுங்கும். நசுங்கின இடம் மெஷினுக்குள் மேலெழும்பி, மை தெளிக்கிற பிரிண்ட் ஹெட்டில் உரசும். தரையில் படுக்கப் போட்டாலோ, தன் கனத்திலேயே அடிப்பக்கம் அமுங்கிப்போகும்.

அதனால் சக்கரம் வைத்த ஸ்டாண்ட் ஒன்று செய்தோம். ரோலின் நடுவிலிருக்கும் அட்டைக் குழாய்க்கு உள்விட்டம் 3 இன்ச். சிவாஜிநகரில் பழைய இரும்புக் கடையில் ஒன்றரை இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வாங்கி உள்ளே நுழைத்து, இரண்டு முனைகளையும் ஆங்கிள் ஃப்ரேமில் வெட்டிய பள்ளத்தில் உட்கார வைத்தோம். வினைல் எதிலும் படாமல் தொங்குகிறது. கனமான ரோல் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் கவிழும். சக்கரம் நான்கு, இரண்டில் பிரேக். சக்கரத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

மெஷினுக்குக்கூட ஏசி போட்டு வைக்கிற தொழில் இது. ரோல் தூக்குகிற பையனின் முதுகை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அதுதான் ரொம்ப உறுத்தியது.

பக்கத்துக் கடைக்காரர் அளவு கேட்டிருக்கிறார். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், வரைந்து அனுப்புகிறேன்.