சென்டருக்கும் வெளித்தடுப்பு வேண்டும்: பஸ்ஸர்பீட்டரில் நான் பயிற்சியை மாற்றிய கதை

பஸ்ஸர்பீட்டர் என்பது கூடைப்பந்து அணியை நிர்வகிக்கும் ஆன்லைன் விளையாட்டு. அதில் ஒரு சீசன் 14 வாரம். அப்படி இரண்டு சீசன்களை என் சென்டரின் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்) உள்தடுப்புப் பயிற்சிக்கே, அதாவது கூடைக்கு அருகில் எதிரணியைத் தடுக்கும் இன்சைட் டிஃபென்ஸுக்கே கொடுத்தேன். 18 வயதில் டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கிடைத்த நல்ல உயரமான பையன். வெள்ளிக்கிழமை பயிற்சி முடிவு வந்ததும் அந்த ஒரு திறன் ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எதிரணிகள் ரன் அண்ட் கன் என்ற வேகமான உத்தியில், கூடையிலிருந்து தள்ளி நின்றே பந்தை எறிந்து எங்களை வென்றன. சீசன் மாறியதும் சம்பளம் புதிதாகக் கணக்கிடப்பட்டு அவன் சம்பளம் எகிறியது. தோல்வி மட்டும் குறையவில்லை.

ஓட்டை கார்டுகளிடம், அதாவது கூடையிலிருந்து தள்ளி ஆடும் ஆட்டக்காரர்களிடம் இருந்தது. எதிரணி கார்டு எறிவது, பந்தோடு உள்ளே புகுவது, பாஸ் கொடுப்பது எல்லாவற்றுக்கும் முதலில் எதிரே நிற்பவன் நம் கார்டுதான். அவனிடம் வெளித்தடுப்பு (தள்ளி நின்று ஆடுபவர்களைத் தடுக்கும் திறன்) இல்லையென்றால் உள்ளே யார் நின்றாலும் சிரமம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு குதித்து எறியும் ஜம்ப் ஷாட் மேல்தான் ஆசை போகும், எனக்கும் அப்படித்தான். இப்போது 18, 19 வயது கார்டு கிடைத்தால் முதலில் வெளித்தடுப்பைக் கூட்டும் பிரஷர் பயிற்சிதான். வயது ஏற ஏறப் பயிற்சியின் வேகம் குறையும் என்பதால் இதைத் தள்ளிப்போடுவதில்லை. வெளித்தடுப்பு 10ஐத் தொட்ட பிறகே ஷாட் பக்கம் போகிறேன்.

சரி, சென்டருக்கு எதற்கு வெளித்தடுப்பு? எதிரணியின் உயரமான ஆட்டக்காரரும் சற்றுத் தள்ளி நின்று எறிவார். அதைத் தடுக்க உள்தடுப்பு மட்டும் உதவாது. சென்டரின் சம்பளமும் பெரும்பாலும் உள்திறன்களை வைத்தே ஏறுகிறது. வெளித்தடுப்பைக் கூட்டினால் அவ்வளவாக ஏறுவதில்லை.

கஷ்டம் நிமிடங்களில்தான். முழுப் பயிற்சி கிடைக்க வாரத்துக்கு 48 நிமிடம், பயிற்சி நடக்கும் இடத்திலேயே ஆட வேண்டும். பிரஷர் பயிற்சியை நான் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) இடத்துக்குக் கொடுக்கிறேன். வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் அந்த இடத்தில் 144 நிமிடம். மூன்று பேருக்குப் போதும். அதில் ஒருவனாக என் சென்டரை நட்பு ஆட்டத்தில் பாயிண்ட் கார்டாக இறக்குகிறேன். பந்தைத் தொலைப்பான், ஆட்டம் தோற்கும், பரவாயில்லை. அப்புறம் லீக் ஆட்டங்களில் அவனுக்கு மொத்தமாக 20 நிமிடம்தான் தர முடியும். 70 நிமிடத்தைத் தாண்ட விட்டால் அவனுடைய ஆட்ட நிலை (கேம் ஷேப், அப்போதைய உடல்தகுதி) இறங்கிவிடும். அதனால் லீக் எதிரணிகள் பலவீனமாக உள்ள வாரங்களை அட்டவணையில் முன்கூட்டியே குறித்து வைக்கிறேன். உயரமானவர்களுக்கு வெளித்திறன் மெதுவாகத்தான் ஏறும். இரண்டு, மூன்று வாரம் எதுவும் மாறாமல் இருந்தாலும் நிறுத்தாதீர்கள். திரையில் முழு எண் மட்டும்தான் தெரியும், அதற்குள் இருக்கும் பின்னம் கண்ணுக்குத் தெரியாமல் கூடிக்கொண்டிருக்கும்.

கார்டுக்கும் சென்டருக்கும் இடைப்பட்ட ஸ்மால் ஃபார்வர்டுக்கு இரண்டு தடுப்பும் வேண்டும். அவனுக்கு வெளித்தடுப்பை முதலில் முடித்து, பிறகு உள்தடுப்புக்கு மாற்றினேன். எறியும் பந்தைத் தட்டிவிடும் ஷாட் பிளாக்கிங்கை சென்டருக்கு மட்டும், அதுவும் உள்தடுப்பு ஓரளவு நின்ற பிறகு சில வாரம் கொடுத்தேன்.

இடையில் மூன்று பேர் வெளியிலும் இரண்டு பேர் உள்ளேயும் நிற்கும் 3-2 ஜோன் தடுப்பு போட்டு வெளியே உள்ள ஓட்டையை மறைத்தும் பார்த்தேன். கூடைக்கு அருகில் தாக்கும் லுக் இன்சைட் உத்தியில் ஆடும் அணி வந்தபோது உள்பக்கம் திறந்துகொண்டது. இப்போது என் சென்டரின் வெளித்தடுப்பு 6. பெரும்பாலான ஆட்டங்களில், ஆளுக்கு ஆள் தடுக்கும் மேன் டு மேன் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன்.