மாமா மொரீசியஸ் வருகிறார்

மதுரையிலிருந்து மாமாவும் அத்தையும் ஜூலையில் வருகிறார்கள். "எங்கே சாப்பிடலாம், என்ன பார்க்கலாம், எழுதி அனுப்புப்பா" என்று மாமா கேட்டு ஒரு வாரமாகிவிட்டது. இப்படிக் கேட்பவர்கள் அடிக்கடி வருவதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் காலையில் ஹோட்டல் இட்லியைத் தேடாதீர்கள் மாமா. ரோஸ் ஹில்லில் என் வீட்டுப் பக்கத்திலேயே மெட்ரோ இருக்கிறது, ஏறினால் தலைநகர் போர்ட் லூயிஸ், அங்கே மார்க்கெட்டைச் சுற்றி டால் பூரி வண்டிகள். பூரி என்றதும் எண்ணெயில் உப்பி வருவது என்று நினைத்துவிட வேண்டாம். பருப்புப் போளியில் வெல்லத்தை விட்டுவிட்டு, மெலிதாகத் தேய்த்துக் கல்லில் போட்டு எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, பெரிய மொச்சை போன்ற பயறுக் கறியும் ருகாய் என்கிற தக்காளித் தொக்கும் தடவி, "பிமாங்?" என்பார் கடைக்காரர். மிளகாய் வேண்டுமா என்று அர்த்தம். நம்மூர்க் காரம் தின்ற நாக்கு என்ற தெம்பில் முதல் தடவை நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு, கண்ணீரோடு அலூடா கடையைத் தேடி ஓடினேன். பால், சப்ஜா விதை, கடல்பாசி எல்லாம் போட்டுக் குளிரக் குளிரத் தருவது அலூடா. ஜிகர்தண்டாவோடு ஒப்பிட்டுச் சண்டை பிடிப்பீர்கள், தெரியும்.

கையில் வாங்கும் மொரீசியஸ் ரூபாய் நோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தமிழ் எழுத்து இருக்கும், தமிழ் எண்ணும் இருக்கும். 1998-இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புக் காட்ட, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் கைலாசம் கோயில். போர்ட் லூயிஸிலேயே இருக்கிறது. சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் என்று பெயர், அத்தைக்கு வேறென்ன வேண்டும்.

பாம்பிள்மூஸ் தோட்டத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். விளிம்பு மடித்த தாம்பாளம் மாதிரி அல்லி இலைகள் குளம் முழுக்க மிதக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுச் செத்துப்போகும் தாளிப்பனையும் அங்கே உண்டு. ஷமரேல் என்ற ஊரின் ஏழு வண்ண மண்மேடு படத்தில் பார்ப்பதைவிடச் சின்னது, கால் மணி நேரம் போதும். பக்கத்து அருவியில் கூடுதலாக நில்லுங்கள். அங்கே கரும்பு ரம் காய்ச்சும் இடத்தில் ருசி பார்க்கவும் தருவார்கள் (அத்தை இந்த வரியைத் தாண்டிவிடவும்).

கடலுக்கு மேற்குக் கரை, ஃப்ளிக் ஆங் ஃப்ளாக். ஜூலையில் கிழக்கே காற்று ஆளைத் தள்ளும். அதையும் மீறி இல் ஓ செர்ஃப் தீவுக்குப் போயே தீருவேன் என்றால், திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். போன வருடம் எங்களை இறக்கிவிட்டுப் போனவர் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார், அதற்குள் முதுகுத் தோல் உரிந்துவிட்டது.

பஸ்ஸை நம்பி இருட்டும்வரை சுற்ற வேண்டாம், சாயங்காலமே குறைந்துவிடும். வெப்பத் தீவுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று அத்தை சிரித்தாராம். ஜூலை இங்கே குளிர்காலம், மேட்டு ஊரான க்யூர்பிப் பக்கம் மழையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு எடுத்து வையுங்கள்.