முத்துப்பேட்டையில் முந்நூறு ரூபாய் மிச்சம்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோக்காரரைத் திட்டியாக வேண்டும். முத்துப்பேட்டையிலிருந்து ஜாம்புவானோடைப் படகுத்துறைக்கு 300 ரூபாய் வாங்கினார். திரும்பும்போது சவாரி கிடைக்காதாம். நாங்கள் இறங்கிய இடத்திலேயே ஒரு குடும்பம் ஏறிக்கொண்டது. என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

அந்த எரிச்சலை அப்படியே படகுக்காரரிடம் கொண்டுபோனேன். மோட்டார் படகுக்கு 2,500 கேட்டார். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் என்னிடம் "சரி, ஏறு" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கு பார்ப்பது நான்தானே? முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி 2,200-க்குக் கொண்டுவந்தேன். படகுக்காரர் ஆற்றைப் பார்த்தபடி, "தண்ணீர் இறங்குகிறது அக்கா" என்று மட்டும் சொன்னார். பேரத்தை முடிக்கச் சொல்லும் சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அதை முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

படகு போவது கோரையாற்றில். நீடாமங்கலத்துப் பக்கம் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து, என் மாமியார் வீட்டு வயலுக்குப் பாய்கிற அதே கோரையாறு. அங்கே வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துச் சண்டை போடுவார்கள். இங்கே அது யாருக்கும் வேண்டாததுபோல் அகன்று, உப்பேறி, கடலை நோக்கி மெதுவாக நகர்கிறது. இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல் விரலாக நிமிர்ந்து நிற்பவை அவற்றின் மூச்சு வேர்கள். நடுநடுவே சாம்பல் நிறத்தில் பட்ட மரங்கள் தெரிந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் புகுந்துபோனதன் மிச்சம் என்றார் படகுக்காரர்.

நீர்க்காகம் ஒன்று கழியின் மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு அசையக்கூட இல்லை.

மரங்கள் முடிந்ததும் காயல் திறந்துகொண்டது. அந்த இடத்தை எழுத எனக்கு வரவில்லை. எதிர்க்கரை இல்லை, வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே கோடு இல்லை. இவர் செல்போனை எடுத்தார், பிறகு எடுத்த கையோடு சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அப்போதுதான் படகு தரைதட்டியது.

காயலில் ஆழமே கிடையாது. எஞ்சினைத் தூக்கிவிட்டு மூங்கில் கழியால் உந்தினார் படகுக்காரர். படகு நகரவில்லை. இவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கரிய சேறு முழங்கால்வரை வாங்கிக்கொண்டது. ஒரு செருப்பைத் திருப்பித் தரவே இல்லை. முக்கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் தாண்டியிருக்கலாமாம். அவர் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இவர் பார்த்தார்.

இனித் தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். உச்சி வெயில், நிழல் இல்லை, கடை இல்லை. நாங்கள் கொண்டுபோனது இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான். படகுக்காரர் தூக்குவாளியைத் திறந்தார். மேலே சோறு, அடியில் முதல்நாள் வைத்த மடவை மீன் குழம்பு. வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னேன். மண்சட்டியில் ஒரு ராத்திரி ஊறிய புளி, முழுதாக வெந்து குழையாத சின்ன வெங்காயம், முள்ளிலிருந்து தானாகக் கழன்று வரும் மீன். அவர் பங்கையும் சேர்த்து நாங்கள் இருவரும்தான் தின்றோம். எத்தனையோ ஓட்டல்களில் காசைக் கொட்டியிருக்கிறேன். ஒன்றும் இதற்கு ஈடில்லை.

சாப்பிட்டதும் வழியில் பறித்துவைத்திருந்த அலையாத்தி இலை ஒன்றை நீட்டி, நாக்கில் வைக்கச் சொன்னார். இலையின் மேல் பொடிப்பொடியாக மின்னியது உப்பு. வேர் உறிஞ்சும் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறதாம். இவர் நக்கிப் பார்த்துவிட்டு, குழம்புக்கு இதுதான் குறைந்தது என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. குழம்பில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து மிதந்தோம். முகத்துவாரம் பார்க்கவில்லை, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியிருந்தது. கரையில் 2,500 கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

சாலையில் அதே ஆட்டோக்காரர் நின்றிருந்தார். இவருடைய ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டு, 350 என்றார். ஒன்றும் பேசாமல் ஏறிக்கொண்டோம்.