14 மில்லிமீட்டர்

அக்டோபர் 3
பிசிபி ஏர் ரைபிளுக்கு (குழாயில் அடைத்த காற்றால் சுடும் துப்பாக்கி) முன்னால் மாட்டும் இரண்டு கால் தாங்கி, பைபாட். பார்சல் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 4
வரும்வரை அளவெடுப்பு. மேகசினை உருவி, சேம்பர் (குண்டு உட்காரும் அறை) காலி என்று பார்த்த பிறகுதான் அல்லன் கீயையே தொடணும். ஸ்டாக் (மரப்பகுதி) போல்ட் ஒன்றே ஒன்று. அதைக் கழற்றினால் ஆக்‌ஷன் (பேரலும் சிலிண்டரும் சேர்ந்த உலோகப் பகுதி) தனியே வந்துவிடும். முன்மரத்தின் நுனியிலிருந்து 4 செ.மீ. உள்ளே, காற்றுச் சிலிண்டர் உட்காரும் பள்ளத்துக்குக் கீழே மரம் 14 மி.மீ. ஸ்டட் என்பது பைபாட் மாட்டும் கண் வைத்த திருகு. அதன் மரத்திருகு 19 மி.மீ. அப்படியே முறுக்கினால் மிச்சம் 5 மி.மீ. போய்க் குத்துவது 200 பார் காற்று அடைத்த குழாயில்.

அக்டோபர் 5
14தான். மறுபடி அளந்தாச்சு.

அக்டோபர் 7
குழாயிலேயே கிளாம்ப் மாட்டிவிட்டால் துளையே வேண்டாமே என்ற சபலம். கூடாது. பேரலில் மாட்டினால் பைபாட் காலில் விழும் எடை நேரே பேரலை வளைக்கும். பெல்லட் வேறு இடத்தில் விழும். சிலிண்டரில் மாட்டினாலும், பேரல் பேண்ட் (இரண்டையும் பிணைக்கும் வளையம்) வழியாக அதே தொல்லை.

பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் கன் என்றால் பேச்சே இல்லை. காக்கிங் கம்பி (ஸ்பிரிங்கை அழுத்தும் கம்பி) போகும் வெட்டு முன்மரத்தின் நடுவிலேயே ஓடும், ஸ்டட் முறுக்க மரம் ஏது? பிஸ்டன் முன்னும் பின்னும் உதைக்கும் துப்பாக்கியைப் பைபாடில் நிறுத்தினால் குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) சிதறும். அதற்கு மணல்மூட்டை மேல் உள்ளங்கை போதும். பைபாட் பிசிபிக்குத்தான்.

அக்டோபர் 9
வந்துவிட்டது. 6–9 அங்குலக் கால். மேசைக்கும் படுத்துச் சுடவும் சரி. ஸ்டட் இரண்டு வகை: மரத்திருகு ஒன்று, நட் போடுவது ஒன்று. மரத்திருகை ஆக்சா பிளேடால் 10 மி.மீ.க்கு வெட்டலாம், ஆனால் கடிக்கும் புரி குறைந்து நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வரும். நட்டே மேல்.

அக்டோபர் 10
கரண்ட் இல்லை.

அக்டோபர் 11
அடிப்பக்கம் மாஸ்கிங் டேப், அதன்மேல் நடுக்கோடு. டேப் இல்லாவிட்டால் வார்னிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும். ஊசியால் ஒரு குத்து, பிறகு 2 மி.மீ. பிட்டால் செங்குத்தாக முழுத் துளை. அடுத்தது உள்பக்கம்: 12 மி.மீ. தட்டை பிட், 5 மி.மீ. ஆழம் மட்டும், ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்று. கடைசியாக 5 மி.மீ. துளை. வரிசை முக்கியம். 5-ஐ முதலில் போட்டால் தட்டை பிட்டின் முனைக்குப் பிடி கிடைக்காமல் குழி கோணலாகும்.

நட் கனம் 4, குழி 5. சிலிண்டருக்குக் கீழே 1 மி.மீ. காற்று. நட்டைத் தாண்டி நீண்ட திருகை வெட்டி அரம் போட்டாச்சு. ஸ்டட்டின் கண் குறுக்காக நிற்கணும், நீளவாக்கில் நின்றால் பைபாடின் கொக்கி நுழையாது. நட்டைச் சுற்றி அரால்டைட், வெட்டிய மரத்துக்கு வார்னிஷ்.

அக்டோபர் 12
24 மணி நேரம். தொடாதே.

அக்டோபர் 13
கொக்கி கண்ணுக்குள் போனதும் அடித்திருகைக் கையால் மட்டும் முறுக்கணும். இடுக்கி வைத்தால் ரப்பர் தாண்டி மரம் நசுங்கும். சிலிண்டருக்கும் பள்ளத்துக்கும் நடுவே காகிதத் துண்டு தடையில்லாமல் ஓடுகிறது. அப்பாடா.

அக்டோபர் 14
25 மீட்டர், ஐந்து ஐந்தாக. சிமெண்ட் தரையில் குரூப் செங்குத்தாக நீள்கிறது, கால் துள்ளுகிறது. கீழே ரப்பர் பாய் போட்டதும் அடங்கியது. தோளால் முன்னோக்கித் தரும் அழுத்தம் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒன்றாக இருக்கணும். மணல்மூட்டையில் வைத்த ஜீரோ (ஸ்கோப்பின் குறியமைப்பு) இங்கே செல்லாது, ஸ்கோப்பைத் திரும்பத் திருகியாச்சு.

அக்டோபர் 16
காகிதம் நுழையவில்லை! தூக்கிப் பிடித்தால் ஓடுகிறது, பைபாடில் எடை விழுந்ததும் சிக்குகிறது. முன்மரம் மேலே வளைந்து சிலிண்டரைத் தொடுகிறது. பள்ளத்தை உப்புத்தாளால் அரை மி.மீ. தேய்த்தால் விலகும். தேய்த்தால் 14, 13.5 ஆகும். குழி 5, நாலரை ஆகும். நட் 4.

அக்டோபர் 17
உப்புத்தாள் 180.