விமான ரிசீவருக்கு ஒயர் இழுத்த கதை

போன மாதம் வரைக்கும் என் ரிசீவர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ரிசீவர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகச் செய்த கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிள். உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப்பைப் பொதுவான ரேடியோவாக்கலாம் என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தது, அதிலிருந்து விமானங்களின் சிக்னலைப் பிடித்துப் பார்க்கும் இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். விமானங்கள் தங்கள் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் 1090 மெகாஹெர்ட்ஸில் தாமாகவே சொல்லிக்கொண்டு போகின்றன, இடத்தை மட்டும் நொடிக்கு இரண்டு தடவை. நமக்குக் காது இருந்தால் போதும்.

காதுதான் பிரச்சினை. எங்கள் வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், பின்பக்கம் செம்பனை, முன்பக்கம் எதிர்வீட்டுச் சுவர். ஜன்னலில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு விமானத்துக்கு மேல் வராது. அதனால் ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்ற முடிவு செய்தேன். அந்த அலையின் நீளம் 27.5 செ.மீ., அதில் கால் பங்கு சுமார் 6.9. வீட்டு ஒயரிங் வேலையில் மிஞ்சிய செம்புக் கம்பியை உரித்து, ஒன்றை நிமிர்த்தி, நாலைக் கீழே சாய்த்து சாக்கெட்டில் பற்றவைத்தேன். அம்மா பார்த்துவிட்டு "என்னடா இது, கால் ஒடிஞ்ச சிலந்தி மாதிரி" என்றார். ஆனால் வேலை செய்தது.

முதல் தப்பு இங்கேதான். ஆன்டெனா மேலே, டாங்கிள் கீழே கணினியில், நடுவில் 12 மீட்டர் ஆர்ஜி58 கோஆக்ஸ், அதாவது ஆன்டெனா ஒயர். ஏற்றி இறக்கி வியர்த்துப்போய் வந்து உட்கார்ந்து பார்த்தால் ஜன்னலில் இருந்ததைவிட ஒன்றிரண்டுதான் கூட. அந்த ஒயர் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு அரை டெசிபெலுக்கு மேல் தின்னும், 12 மீட்டருக்கு ஆறு டெசிபெல் தாண்டிவிடும், அதாவது மேலே பிடித்ததில் கால் பங்குகூட கீழே வந்து சேரவில்லை. இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்த சிக்னலை என் வீட்டுச் சுவரில் வைத்துத் தொலைத்திருக்கிறேன்.

சரி, டாங்கிளையே மேலே கொண்டு போய்விடலாம், யுஎஸ்பி ஒயரை நீளமாகப் போடலாம் என்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 10 மீட்டர் ஒயர் ஒன்று வாங்கினேன். கணினி ஒரு கணம் 'டிங்' என்று அடையாளம் கண்டுகொள்ளும், அடுத்த கணம் 'டொங்' என்று விட்டுவிடும், இப்படியே கால் மணி நேரம். யுஎஸ்பி 2.0-க்கு ஒரு ஒயர் 5 மீட்டர்தான் கணக்கு என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாங்கினேன் என்பதுதான் வெட்கம். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: டாங்கிள் இழுக்கும் கரண்டுக்கு அந்த நூல் போன்ற கம்பியில் வோல்ட்டேஜ் விழுந்து, கீழே 5 வோல்ட் இருப்பது மேலே 4-க்கும் கீழே. அது எப்படி உயிரோடு இருக்கும்?

அப்புறம்தான் சுத்திச் சுத்தி வந்து நின்ற இடம், மேலே ஒரு ராஸ்பெரி பை, உள்ளங்கை அளவு குட்டிக் கணினி. டாங்கிள் அதில் நேராகச் சொருகியிருக்கும், ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் ஒரு முழம் கோஆக்ஸ்தான். ரேடியோ சிக்னலை பை அங்கேயே உடைத்து எண்ணாக்கிவிடும், கீழே இறங்குவது எண்கள் மட்டும், அதற்கு லேன் ஒயர் (கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஒயர்) போதும். லேன் ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும், எனக்கு 20 மீட்டர்கூட இல்லை. கூரைக்கு அடியில் பிளக் பாயின்ட் கிடையாது என்பதால் கரண்டையும் அதே ஒயரில் ஏற்றினேன்: கீழே கரண்டை ஒயருக்குள் ஏற்றிவிடும் ஒரு பிஓஇ இன்ஜெக்டர், மேலே அதைப் பிரித்து 5 வோல்ட்டாகக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர். இதில் ஒயருக்குள் போவது 48 வோல்ட், அதனால் கரண்ட் கொஞ்சம்தான், வழியில் ஒரு வோல்ட் விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. யுஎஸ்பி ஒயரில் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

லேன் ஒயரின் தலைப்பை, அதாவது முனையில் வரும் பிளக்கை, நானே அடித்தேன். அங்கே வந்தது அடுத்த வினை. பையின் சிவப்பு விளக்கு எரிகிறது, லேன் விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் விமானங்கள் நிற்கின்றன, திடீரென்று முப்பது மைல் தாவுகின்றன, மறுபடி நிற்கின்றன. பை பதில் சொல்கிறதா என்று கணினியிலிருந்து பிங் அடித்தால் பத்தில் நாலு தொலைகிறது. ஒயர் டெஸ்டரில் எட்டுக் கம்பிக்கும் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு ஒழுங்காக ஓடுகிறது! இரண்டு நாள் மென்பொருளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், பையின் மெமரி கார்டை மாற்றினேன், சிக்னலை உடைத்துப் படிக்கும் டம்ப்1090 மென்பொருளை இரண்டு தடவை அழித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பசியாற வந்த மச்சான் ரொட்டி சானாய்க் கையோடு தலைப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஜோடி ஜோடியா அடிச்சிருக்க, பச்சையைப் பிரிக்கலையே" என்றார்.

விஷயம் இதுதான். முறையான வரிசை ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார வேண்டும். நானோ பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன், இரண்டு முனையிலும் அதே மாதிரி. கம்பி விட்டுப்போகவில்லை, அதனால் டெஸ்டர் ஏமாந்தது, கரண்டும் போனது. ஆனால் லேன் 3-ஆம் 6-ஆம் கம்பிகளை ஒரு ஜோடியாக எடுத்துக்கொள்கிறது, என் ஒயரில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி இல்லை, ஒன்று பச்சையோடும் மற்றது நீலத்தோடும் முறுக்கிக்கொண்டு போகின்றன. முறுக்குதான் இரைச்சலை அடக்குகிறது. வெட்டிவிட்டு மறுபடி அடித்ததும் பிங் ஒன்றுகூட தவறவில்லை.

கணினியையும் பையையும் நேரடியாக இணைத்தால் முகவரி கொடுக்க நடுவில் ரவுட்டர் இல்லை, நாமே கொடுக்க வேண்டும். கணினிக்கு 192.168.50.1, பைக்கு 192.168.50.2, மாஸ்க் 255.255.255.0. கேட்வே (வெளியே இன்டர்நெட்டுக்குப் போகும் வழி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். நான் பையின் எண்ணை அதில் போட்டுவைக்க, வைஃபையில் வந்துகொண்டிருந்த இன்டர்நெட்டையும் கணினி கூரைக்கு அனுப்பித் தேடியது. கம்பிகளை மாற்றி அடித்த கிராஸ் ஒயர் எதுவும் தேவையில்லை, இந்தக் காலத்துப் போர்ட்டுகள் தாமே மாற்றிக்கொள்ளும். அப்புறம் பையின் 30005 என்ற எண்ணுள்ள போர்ட்டிலிருந்து, விமானங்களை வரைபடத்தில் காட்டும் விர்ச்சுவல் ரேடார் சர்வர் மென்பொருளுக்குத் தரவு இழுத்தேன், முடிந்தது.

அன்று சாயங்காலம் எண்ணினேன், ஒரே நேரத்தில் 47. மேற்கே மலாக்கா நீரிணையைத் தாண்டியும், வடக்கே பினாங்கைத் தாண்டியும் வருகிறது. கிழக்கே மட்டும் தட்டில் ஒரு துண்டு வெட்டி எடுத்தது மாதிரி காலி. அந்தப் பக்கம் தித்திவங்சா மலைத்தொடர், அதிலும் கோர்பு மலை 2183 மீட்டர். 35,000 அடியில் பறக்கும் விமானம்கூட நூற்று சொச்சம் கிலோமீட்டர் தாண்டியதும் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. இதற்கு எந்த ஒயரும் உதவாது. எனக்குப் பிடித்தது சிங்கப்பூரிலிருந்து ஈப்போவுக்கு இறங்கும் விமானம்தான்: உயரம் 25 அடி 25 அடியாகக் குறைந்துகொண்டே வந்து, சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் சட்டென்று அணைந்துவிடும்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "திருச்சி பிளைட் எது?" என்பதுதான் கேள்வி. எங்கே போகிறேன் என்று விமானம் சொல்வதே இல்லை, தன் அழைப்புப் பெயரையும் ஒரு 24 பிட் எண்ணையும்தான் சொல்லும், மலேசிய விமானம் என்றால் அந்த எண் 75-இல் தொடங்கும், ஊர்ப் பெயரெல்லாம் வேறு பட்டியலைப் பார்த்துத்தான் என்று விளக்கினேன். "அப்ப இது ஆகாது" என்று எழுந்து போய்விட்டார்.

இன்னும் முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு சிங்க் கூரைக்கு அடியில் பை 79 டிகிரி காட்டியது, 80 தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் தாழ்வாரத்து நிழலுக்கு நகர்த்தியதில் பத்து டிகிரி இறங்கியது. இடிதான் மீதி. கூரையிலிருந்து கணினி வரை செம்புக் கம்பி இறங்கி வந்திருக்கிறது, நம் ஊர்ச் சாயங்கால மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இடி மின்னலில் பாயும் கரண்டைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு வாங்கும் வரை ஒயரைப் பிடுங்குவதுதான் வழி. நான் வேலையில் இருக்கும்போது அதை அம்மா செய்கிறார், முதல் உறுமலுக்குத் துணி எடுக்க ஓடுவதற்கு முன்னால் லேன் ஒயரை உருவிவிடுகிறார். பையின் கரண்டும் அதோடு போய்விடுவதால் கார்டு கெட்டுவிடுமோ என்று பயந்து, பதிவுகளைக் கார்டில் எழுதாமல் ரேம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். நேற்று 4.10-க்கு நின்றிருக்கிறது. துணி நனையவில்லையாம்.