ஜெர்மனியில் வாடகை வீடு: 18 பக்க ஒப்பந்தமும் ஒரு பக்கத் தாளும்

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடியேறி ஏழு மாதம் ஆகிறது. வீடு தேடி அலைந்ததை விடுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சென்னையில் 11 மாத அக்ரிமென்ட்டை வரிவரியாகப் படித்த பழக்கம் எனக்குக் கிடையாது. அதே போக்கில், இங்கே தந்த 18 பக்க ஜெர்மன் ஒப்பந்தத்தில் வாடகையும் அட்வான்ஸும் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, இங்கே பல வருடமாக இருக்கும் மதுரைக்கார அண்ணன் ஒருவர் அதை வாங்கிப் புரட்டினார். பதினோராம் பக்கத்தில் விரலை வைத்தார். "தம்பி, ரெண்டு வருஷத்துக்குக் காலி பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. குடியிருப்பவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம் என்பதுதான் இங்கே பொதுவான சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் 'கூண்டிகுங்ஸ்ஃபெர்ட்சிஷ்ட்' (Kündigungsverzicht, நோட்டீஸ் கொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது) என்ற சொல் இருந்தால், அதில் குறித்த காலம் முடியும்வரை அந்த மூன்று மாத நோட்டீஸ் செல்லாது. ஆண்டுச் சந்தா கட்டி வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்து கேட்டேன். நான்கு வருடம் வரை இப்படிப் போடலாம், செல்லும் என்றார்கள். எனக்கோ வேலையில் ஆறு மாதம் ப்ரொபேஷன். வேலை போனால் வாடகை என்ன ஆகும் என்ற நினைப்பிலேயே ஆறு மாதமும் சரியாகத் தூக்கமில்லை. வேறெதைப் படிக்காவிட்டாலும் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். இருந்தால், எடுக்கவோ குறைக்கவோ முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பின்னால் கேட்டால் நடக்காது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பணத்திலும் ஒரு கணக்கு உண்டு. விளம்பரத்தில் பெரிதாக இருந்த 780 யூரோ 'கால்ட்மீட்டே', அதாவது வெறும் வீட்டுக்கு. ஹீட்டிங், தண்ணீர், குப்பைக்கு இன்னும் 210. அதுவும் முன்பணம்தான். வருடக் கணக்கு வரும்போது கூடவும் கேட்கலாம், மிச்சம் இருந்தால் திரும்பியும் வரும். கரண்ட்டும் இன்டர்நெட்டும் தனி. இவை போக, வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ.

அட்வான்ஸில் மட்டும் ஜெயித்தேன். அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீட்டேதான் கேட்கலாம், எனக்கு 2,340 யூரோ. முழுவதையும் கட்டினால்தான் சாவி என்றார் வீட்டுக்காரர். சிவில் சட்டம் 551-ஆம் பிரிவுப்படி அதை மூன்று சம தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடித்தனம் தொடங்கும்போது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மெயில் போட்டேன். மறுநாளே சரி என்று பதில் வந்தது. கையில் காசில்லாத அந்த மாதத்தில் அது பெரிய நிம்மதி.

அப்புறம் முகவரிப் பதிவு. குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அரை நாள் லீவு போட்டு, ஒப்பந்தம், பாஸ்போர்ட் எல்லாம் ஃபைலில் அடுக்கிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த அம்மா 18 பக்கத்தையும் திறந்துகூடப் பார்க்காமல் என் பக்கம் தள்ளினார். "வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்" என்று ஒரே சொல். இவர் இங்கே குடிவந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு பக்கத் தாள் அது. ஒப்பந்தம் அதற்கு ஈடாகாதாம். மெயிலில் வரவழைத்து இப்போதே காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த நேரம் கிடைக்க மூன்று வாரம். பதிவு இல்லாததால் வரி எண் வரவில்லை, வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி பிடித்தார்கள். வரி வகுப்புகளிலேயே அதிகம் பிடிப்பது அதுதான். அந்தத் தாளைத் தர வேண்டியது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் முறை பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. வரி எண் தபாலில்தான் வரும். தபால் பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். அன்று மாலையே பெயரைப் பெரிதாக எழுதி, மழைக்குக் கரையாமல் மேலே டேப் ஒட்டினேன். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்து பெட்டிக்குள் கிடந்தது.